துணிக்கு நாலு அவுன்ஸ்

தராசு முள்ளைப் பார்த்துப் பழகிய கண் இராக்கம்மாவுக்கு. எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் முள் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதை நாலைந்து பேருக்குப் பின்னால் நின்றே சொல்லிவிடுவாள். பதினான்கு வயதில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடை தூக்கியவள். பன்னிரண்டு வருஷமாக, நாளைக்கு மூன்று தடவை, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தன் கூடை தொங்கும்போதெல்லாம் முள்ளைப் பார்த்திருக்கிறாள். முள் இருபத்திரண்டு றாத்தல் காட்டும். கணக்கப்பிள்ளை பத்தொன்பது என்று எழுதுவார். "கூடைக்கு ரெண்டு, ஈரத்துக்கு ஒன்னு" என்பார். மண் வெடிக்கிற வெயில் நாளிலும் ஈரத்துக்கு ஒன்று உண்டு. அப்படிக் கழித்த றாத்தல்கள் காற்றோடு போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். சாயங்காலம் பெயர் வாசிக்கும்போது, மலைப்பக்கமே தலைகாட்டாத கணக்கப்பிள்ளையின் கொழுந்தியாள் பெயரில் அவை வந்து நிற்கும்.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை, பிள்ளைமடுவத்து வாசலில் வைத்து அரசாங்க மருத்துவிச்சி யோகமலர், "துணிக்கு நாலு அவுன்ஸ் கழிவு" என்று சொன்னதும் இராக்கம்மா தலையைத் தூக்கினாள்.

மலைக்குப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் தகரக் கொட்டகைதான் பிள்ளைமடுவம். மாதம் ஒருமுறை யோகமலர் லுணுகலையிலிருந்து மூன்று மைல் மேடேறி அங்கே வருவாள். யாழ்ப்பாணத்துப் பெண். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, சிரிப்பை அளந்து வைத்திருக்கும் முகம். தராசைக் குறுக்குக் கட்டையில் கொளுவி, தூளிபோல் ஒரு துணியைத் தொங்கவிட்டு, அதில் பிள்ளைகளை ஒவ்வொன்றாக வைத்து நிறுப்பாள். மலைக்குளிரில் பிள்ளைகளின் துணியை அவிழ்க்க வேண்டாம் என்று, சுற்றிய துணியோடேயே நிறுத்துத் துணிக்குக் கழித்துக்கொள்வாள். அதுவும் வட்ட முகமும் ஒற்றை முள்ளும் கொண்ட தராசுதான். கொழுந்து மடுவத்துத் தராசுக்குத் தங்கை என்று சொல்லலாம்.

"பன்னிரண்டு, பதினாலு" என்றாள் யோகமலர். "துணிக்கு நாலு அவுன்ஸ் கழிவு. பன்னிரண்டு றாத்தல் பத்து அவுன்ஸ்." அட்டையில் எழுதிவிட்டு நிமிர்ந்தாள். "என்ன இது? போன மாசத்திலும் பாக்க அரை றாத்தல் குறைஞ்சு போச்சு. எட்டு மாசப் பிள்ளை, பதினாறு றாத்தலாவது இருக்க வேணும். பால் குடுக்கிறனீரோ?"

"குடுக்கிறேங்க."

"ஒழுங்காக் குடுக்கிறனீரோ?"

"ஒழுங்காத்தாங்க."

அது முழுப் பொய் இல்லை. பத்து மணிக்குப் பால் கொடுக்கத் தாய்மார் மலையிலிருந்து இறங்கி வரலாம் என்பது தோட்டத்து முறை. ஆனால் இரண்டு மாதமாக ஏழாம் நம்பர் மலையில் வேலை. அங்கிருந்து இறங்கி ஏறினால் ஒரு மணி நேரம் போய்விடும். ஐந்து றாத்தல் கொழுந்து போய்விடும். இராக்கம்மா இறங்குவதை விட்டுவிட்டாள். சாயங்காலம் வீட்டில், லயத்துக் காம்பராவில், பிள்ளையை மார்பில் போடுவாள். பாக்கியலெட்சுமி சப்பும், முகத்தைத் திருப்பி அழும், மறுபடி சப்பும், பிறகு தூங்கிப்போகும். உள்ளே எவ்வளவு போயிற்று என்று இராக்கம்மா பார்த்ததில்லை. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் எழுந்து விறகை அடுக்கி வைப்பாள்.

யோகமலர் பிள்ளைமடுவத்து ஆயாவைக் கூப்பிட்டாள். "ஆயா, இந்தப் பிள்ளைக்கு நாளைக்கு ரெண்டு கோப்பை மாப்பால். டின்னிலை இருக்கிறதைக் கரைச்சு, மறக்காமல் குடுக்க வேணும்." பிறகு இராக்கம்மாவிடம், "அடுத்த முறையும் குறைஞ்சால் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதுவன். பிள்ளையை அங்கை விட வேண்டி வரும்" என்றாள்.

இராக்கம்மா பிள்ளையைத் தூளியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு துண்டோடுதான் மூத்தவன் நல்லையாவைக் கொண்டுபோனாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மணி அடித்து, தாய்மாரையெல்லாம் வெளியே அனுப்பினார்கள். காலையில் போய்ப் பார்த்தபோது கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தது.

மலைக்கு ஏறும்போது அவள் மனசு கணக்குப் போட்டது. முள் பன்னிரண்டு பதினாலில் நின்றதை இந்தக் கண்ணால்தான் பார்த்தாள். அட்டையில் ஏறியது பன்னிரண்டு பத்து. எடை குறைந்த பிள்ளைகளின் பெயரில்தான் மாப்பால் டின் வருகிறது. அப்படி எடை குறைந்த பிள்ளைகள் அதிகமானால் டின்னும் அதிகமாகும். அந்த மஞ்சள் டின் ஒன்று கணக்கப்பிள்ளை வீட்டுப் பின்பக்கம் செடி நட்டபடி இருப்பதைப் போன மாதம்தான் பார்த்தாள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

பக்கத்து நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காத்தாயியிடம் சொன்னாள்.

"புள்ளையில என்னடி கழிவு?" காத்தாயிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கூடைக்குக் கழிச்சாங்க, ஈரத்துக்குக் கழிச்சாங்க, இப்ப துணிக்கா? ஒம் புள்ளைக்கு மூக்கு ஒழுகுதே, ஈரத்துக்கும் ஒன்னு போட்டிருப்பாளே!"

"நீ சிரி. நாலு அவுன்ஸ் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியணும்."

"அவ யாழ்ப்பாணத்துக்கா கட்டிக்கிட்டுப் போகப்போறா? போடி."

சாயங்காலம் பிள்ளையை எடுக்கப் போனபோது ஆயா கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். இராக்கம்மா குரலைத் தணித்துச் சொன்னாள்: "ஆயா, நாளையிலேர்ந்து எம் புள்ளைக்கு அந்தப் பால் வேணாம்."

"அந்தம்மா எழுதி வச்சிட்டுப் போயிருக்கு."

"எழுதட்டும். அத வாங்கிக் குடிச்சா, எழுதினது சரின்னு நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். கஞ்சித்தண்ணி குடு, போதும்."

"ஒம் புள்ளை, ஒன் இஷ்டம். பின்னாடி என்னையச் சொல்லக்கூடாது." ஆயா கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். இவ்வளவு சுளுவாக ஒத்துக்கொண்டாளே என்று வழியெல்லாம் இராக்கம்மாவுக்கு அதுவும் உறுத்தியது.

அவள் புருஷன் வீரய்யா அடுப்போரம் குந்தியிருந்து எல்லாவற்றையும் கேட்டான். "ஒனக்கு ஒலகத்துல எல்லாருமே களவாணி" என்றான்.

"எல்லாரும் இல்ல."

"நானு?"

அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். அவன் எழுந்து வெளியே போனான்.

பன்னிரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீரய்யா அக்காள் மகள் சடங்குக்கென்று முதல் நாளே பூனாகலைக்குப் போயிருந்தான். இராக்கம்மா பாக்கியத்தை அதே சேலைத்துண்டில் சுற்றிக்கொண்டு லுணுகலைக்கு இறங்கினாள். அவள் மனசில் ஒரு தராசு இருந்தது. கொழுந்து மடுவத்துத் தராசு அல்ல. அதன் பவிசு அவளுக்குத் தெரியும். மொஹிதீன் நானாவின் கடைத் தராசு. சுற்றுக் கிராமங்களிலிருந்து மிளகும் கோப்பிக்கொட்டையும் வாங்குகிற கடை அது. தோட்டத்து ஆட்களுக்கு அரிசியும் கருவாடும் விற்பதும் அதே தராசில்தான். உத்தரத்திலிருந்து தொங்கும் பெரிய இரட்டைத் தட்டுத் தராசு.

"நானா, இந்தப் புள்ளைய நிறுக்கணும்."

மொஹிதீன் கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "புள்ளையையா? றாத்தல் என்ன வெலைக்குக் குடுக்கிறா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இராக்கம்மா சிரிக்கவில்லை. "நானா, மொளகு வாங்குறப்ப எந்தத் தட்டுல மொளகு வைப்பீங்க?"

"இந்தா, இதுல."

"அரிசி விக்கிறப்ப?"

மொஹிதீன் மறு தட்டைப் பார்த்தார். தாடியைத் தடவினார். "அடேயப்பா" என்றார். "நாப்பது வருஷம் கடை வச்சிருக்கேன். இத ஒருத்தரும் எங்கிட்டக் கேட்டதில்ல."

"ரெண்டு தட்டுலயும் வச்சு நிறுங்க நானா. ஒரு தட்டுல வச்சா எனக்கு மனசு ஆறாது."

அவர் முகத்தில் கோபம் வந்தது போலிருந்தது. பிறகு பிள்ளையைப் பார்த்தார். கோபம் போய்விட்டது. தோள் துண்டால் பித்தளைத் தட்டைத் துடைத்து, மேலே ஒரு கடதாசியை விரித்து, "வைம்மா" என்றார்.

பாக்கியம் அழவில்லை. அந்நிய ஆட்கள், ஆடுகிற தட்டு, சில்லிட்ட பித்தளை. எட்டு மாதப் பிள்ளை ஊரைக் கூட்ட வேண்டிய இடம். அது கண்ணைத் திறந்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. சாமான் வாங்க வந்த ஒருத்தி, "அழக்கூட மாட்டேங்குதே" என்றாள். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

படிக்கற்களை ஏற்றி இறக்கி மொஹிதீன் சொன்னார்: "பன்னெண்டு றாத்தல் ஏழு அவுன்ஸ்." பிள்ளையை அவரே தூக்கி மறு தட்டில் வைத்து, கற்களை இந்தத் தட்டுக்கு மாற்றினார். கோல் ஆடி ஆடி நேராக நின்றது. "பன்னெண்டு ஏழு. என் தராசு மேல பழி இல்ல புள்ள."

"துணிய மட்டும் வைங்க நானா."

அவளே துணியை உருவி, பிள்ளையை முந்தானைக்குள் பொத்திக்கொண்டாள். மொஹிதீன் துணியை மடித்துத் தட்டில் வைத்தார். எதிர்த் தட்டில் நாலு அவுன்ஸ் கல்லை வைத்தார். கோல் நேராக நின்றது.

ஒரு அவுன்ஸ் இருக்கும், மிஞ்சினால் இரண்டு என்று அவள் நினைத்திருந்தாள். அந்தச் சின்ன இரும்புக் கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பன்னிரண்டு ஏழில் நாலு போனால் பன்னிரண்டு மூன்று. மருத்துவிச்சி எழுதியதற்கும் கீழே இன்னும் ஏழு அவுன்ஸ். இது யாரும் எழுதிக் குறைத்தது இல்லை. பன்னிரண்டு நாளாக ஆயாவின் கோப்பையைத் தடுத்தது அவள்தான்.

அதற்கு முன்னால் குறைந்தது? அதையும் யோசித்தாள். யோசிக்காமலிருக்கப் பக்கத்தில் விறகு இல்லை. ஏழாம் நம்பர் மலை, பத்து மணி வெயில், கீழே இறங்கும் தாய்மாரைப் பார்க்காமல் அவள் குனிந்து பறித்த பறிப்பு. போன மாதம் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் கூடும் இடத்தில், எல்லாரையும் நிறுத்தி வைத்து, கங்காணி அவள் பெயரைச் சொல்லிப் பாராட்டியிருந்தார். அந்த ஒரு மணி நேரத்து ஐந்து றாத்தல் தன் பெயரில்தான் எழுதப்பட்டது; அதை அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"நர்சம்மா வீடு பள்ளிக்கூடத்துக்குப் பொறத்தால" என்றார் மொஹிதீன். "இப்பவே போ. ஒன் மாப்பிள்ளைக்கு நான் தோட்டத்து ஆளுங்க மூலமாச் சொல்லியனுப்புறேன்."

யோகமலர் முழுகிய தலையை விரித்துப் போட்டபடி கதவைத் திறந்தாள். வெள்ளைச் சேலை இல்லாமல் அவள் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள்.

"ஞாயிற்றுக்கிழமையிலை என்ன?"

"பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு வேணுங்க."

"நான் அடுத்த மாசம் எண்டெல்லோ சொன்னனான்?"

"கடையில நிறுத்தேங்க. பன்னெண்டு மூனுதான் இருக்கு."

"கடையிலையோ? ஏன், என்ரை தராசிலை நம்பிக்கை இல்லையோ?"

"இல்லீங்க."

உள்ளே எங்கோ ஒரு மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. யோகமலர் நனைந்த முடியை முறுக்கிக் கொண்டையாக்கினாள். திட்டப்போகிறாள் என்று இராக்கம்மா காத்திருந்தாள். அவள் பிள்ளையின் கண் இமையை இழுத்துப் பார்த்தாள், வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். பிறகு மேசைக்குப் போய்க் கடதாசி எடுத்தாள்.

"அஞ்சு மணிக்கு வெளிய அனுப்பிருவாங்களாங்க?" என்று கேட்டாள் இராக்கம்மா. "மூத்தவனை அப்படித்தான் விட்டுட்டு வந்தேன். காலைல கட்டில் மட்டுந்தான் இருந்துச்சு."

எழுதப்போன கை நின்றது. யோகமலர் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். "தாய்ப்பால் குடிக்கிற பிள்ளையெண்டால் தாயையும் நிக்க விடுவினம்" என்றாள். "அப்பிடியே எழுதித் தாறன். நீர் பால் குடுக்கிறனீர்தானே?"

இராக்கம்மா வாசற்படியைப் பார்த்தாள். "ஆமாங்க" என்றாள்.

துண்டு இங்கிலீசில் இருந்தது. யோகமலர் அதைத் தமிழில் சொல்லிக் காட்டினாள்: 'எடை வேகமாகக் குறைகிறது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை. தாயும் கூட நிற்க வேண்டும்.'

பதுளை பஸ்ஸில் முன் இருக்கையில் காற்சட்டை போட்ட ஒருவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். வேறொரு நாளாயிருந்தால் இராக்கம்மா துண்டை அவரிடம் நீட்டி, "இதுல என்னங்க இருக்கு?" என்று கேட்டிருப்பாள். எழுதினவள் வாயால் கேட்டது அவளுக்கு ஒருநாளும் போதாது. இன்று நீட்டவில்லை. மருத்துவிச்சி சொன்னதைத்தான் எழுதியிருப்பாள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தெரிந்ததுதான் பயமாக இருந்தது. வழியில் இரண்டு தடவை பிள்ளையை மார்பில் போட்டாள். சப்பவும் தெம்பில்லாமல் அது வாயை எடுத்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டுத் தாதி சிங்களத்தி. தோட்டத்து ஆட்களோடு பழகி அவர்கள் தமிழையே பேசினாள். துணியை உருவிவிட்டுப் பிள்ளையை நிறுத்தாள். "பன்னெண்டு ரெண்டு" என்று தனக்குள்ளே சொல்லி எழுதினாள். முள் பன்னிரண்டு இரண்டில்தான் நின்றது. இராக்கம்மா பார்த்தாள்.

தாதி துண்டைப் படித்தாள். "சரி, நீ நிக்கலாம். கட்டிலுக்குக் கீழ பாய் போட்டுக்க. டாக்டர் நாளைக்குக் காலையிலதான் வருவார். அது வரைக்கும் நீயே பால் குடு."

"டின் பாலுங்க?"

"அது தாய்ப்பால் இல்லாத புள்ளைங்களுக்கு. ஒனக்குத்தான் இருக்கே. துண்டுல எழுதியிருக்கு."

பக்கத்துக் கட்டிலில் ஒரு பிள்ளை சிணுங்கியது. அதன் தாய் அங்கே இல்லை. தாதி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். இராக்கம்மா பாயைப் பார்த்தாள். ஓரம் கிழிந்த பன்பாய். வாயைத் திறக்காவிட்டால் அது அவளுடையது. பிள்ளையின் மூச்சுக் கேட்கிற தூரத்தில் விடிய விடியக் கிடக்கலாம். நாலு வருஷமாக அவள் கேட்டதெல்லாம் அதுதான். பிள்ளைக்கு மட்டும் விடியும் வரை ஒன்றும் கிடைக்காது.

யாரும் கேட்கப்போவதில்லை. யாரும் நிறுத்துப் பார்க்கப்போவதில்லை.

"நர்சம்மா."

தாதி திரும்பினாள்.

"எங்கிட்டப் பால் இல்லீங்க."

"என்ன?"

"வத்திப்போச்சு. ரெண்டு மாசமா இல்லீங்க. நான்தான் இருக்குன்னு சொன்னேன். அந்தம்மா எழுதினது தப்பில்ல, நான் சொன்னதுதான் தப்பு."

தாதி கோபப்படவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, துண்டில் ஒரு வரியைக் குறுக்கே வெட்டினாள். அந்தக் கோடு எந்த வரி மேல் விழுந்தது என்று இராக்கம்மாவுக்கு யாரும் வாசித்துச் சொல்ல வேண்டியதில்லை.

"அப்படீன்னா அஞ்சு மணிக்கு நீ வெளிய போகணும். காலையில ஆறு மணிக்கு வரலாம்."

"சரிங்க."

"நான் மாத்த முடியாது."

"சரிங்க."

தாதி பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது கையில் எனாமல் கோப்பையும் கரண்டியும் இருந்தன. "நான் குடுக்கவா, நீ குடுக்கிறியா?"

இராக்கம்மா கை நீட்டி வாங்கினாள். முதலில் ஒரு சொட்டைத் தன் நாக்கில் விட்டுப் பார்த்தாள். கட்டியாக, இளஞ்சூடாக, இனிப்பாக இருந்தது. பிள்ளைமடுவத்துப் பாலை அவள் ஒருநாளும் ருசி பார்த்ததில்லை. அது எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நினைப்பு எழுந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினாள்.

முதல் கரண்டி பாதி வழிந்தது. இரண்டாவதும் வழிந்தது. மூன்றாவது கரண்டியில் பிள்ளையின் தொண்டை அசைந்தது. விழுங்குகிற சத்தம் கேட்டது. மிகச் சின்னச் சத்தம். இரண்டு மாதமாக அவள் காதில் விழாத சத்தம்.

கோப்பை காலியானதும் அவள் தாதியைப் பார்த்தாள். "இன்னுங் கொஞ்சம்?"

"ஒரேயடியாக் குடுக்கக்கூடாது. வயிறு தாங்காது. அடுத்தது நாலு மணிக்கு."

சுவரில் பெரிய மணிக்கூடு இருந்தது. மூன்றாக இன்னும் பத்து நிமிஷம். நாலு மணிக்கு ஒரு கோப்பை. அதற்குப் பிறகு ஐந்து வரை ஒரு மணி நேரம். இராக்கம்மா பிள்ளையை மடியில் சரித்து, பாலில் நனைந்த தாடையைத் துடைத்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள்.